முதுமையில் புரையேறுதல்: ஆறு மாதம் தொடர்ந்த ஒரு கேஸ் மாத்திரை

பின்னணி

டெல்டா பகுதியில் ஒரு சிறிய ஊரில் பொது மருத்துவம் பார்க்கிறேன். இதில் வருகிற குடும்பத்தின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆட்கள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மருத்துவ விவரங்களில் கை வைக்கவில்லை.

அந்த அம்மாவுக்கு 74 வயது. சத்துணவு மைய அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் காலமாகிவிட்டார். மகன், மருமகள், கல்லூரியில் படிக்கும் பேரன் ஆகியோருடன் இருக்கிறார். பத்து வருடமாகச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் 500 மி.கி. இரண்டு வேளை, அழுத்தத்துக்கு அம்லோடிபின் 5 மி.கி. ஒரு வேளை. மேல்வரிசையில் கழற்றி மாட்டும் பல்செட். அது சில வருடமாகவே தளர்ந்துபோய், கல்யாணம் காட்சிக்குப் போகும்போது மட்டும் டப்பாவிலிருந்து வெளியே வரும்.

தை மாதக் கடைசியில் ஒரு வளைகாப்பு விருந்து. மறுநாள் வயிறு உப்புசம், புளித்த ஏப்பம். அருகிலுள்ள ஒரு மருத்துவரிடம் போனதில் வெறும் வயிற்றில் காலையில் ஒரு கேப்ஸ்யூல் என்று பத்து நாளைக்கு எழுதிக்கொடுத்தார். அமிலத்தைக் குறைக்கும் ரபேப்ரசோல் 20 மி.கி., இரைப்பையைச் சீக்கிரம் காலியாக்கும் லெவோசல்பிரைடு 75 மி.கி. இரண்டும் சேர்ந்தது. நம் ஊரில் மிகச் சாதாரணமாக எழுதப்படும் கூட்டு மருந்து இது. வயிறு சரியாகிவிட்டது. மாத்திரை நிற்கவில்லை. காலி அட்டையைக் காட்டினால் மருந்துக் கடையில் புது அட்டை கிடைத்தது. வீட்டில் அதற்குப் பெயர் ‘கேஸ் மாத்திரை’. காலையில் பல் விளக்குவதைப் போல அதுவும் ஒரு வழக்கமாகிவிட்டது.

பங்குனியில் தலைசுற்றல் என்று என்னிடம் வந்தார். உட்கார்ந்தபடியே அழுத்தம் பார்த்தேன், சரியாக இருந்தது. சின்னரிசின் 25 மி.கி. இரண்டு வேளை எழுதினேன். கீழே, ‘மற்ற மாத்திரைகளைத் தொடரவும்’ என்றும் எழுதினேன். என் கையெழுத்தில் உள்ள அந்தச் சீட்டு இப்போதும் அவருடைய கோப்பில் இருக்கிறது. அந்த ‘மற்ற மாத்திரைகள்’ எவை என்று அன்று நான் கேட்கவில்லை.

சித்திரையில் தண்ணீர் குடிக்கும்போது இருமல் தொடங்கியது. முதலில் வாரத்துக்கு ஒரு முறை, பிறகு தினமும். வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புரையேறினால் உச்சந்தலையில் தட்டி, ‘யாரோ நினைக்கிறாங்க’ என்று சொல்கிற பழக்கம் நம் எல்லோர் வீட்டிலும் உள்ளதுதானே. தொண்டையில் ஏதோ நிற்கிற மாதிரி இருக்கிறது என்று அவரே சொன்னபோது, கேஸ் மேலே ஏறுகிறது என்று எடுத்துக்கொண்டார்கள். ரொம்பத் தொந்தரவான நாட்களில் இரவிலும் ஒரு கேப்ஸ்யூல் சேர்ந்தது. ஆனியில் வெளியூரில் ஒரு எண்டோஸ்கோபி எடுத்தார்கள். ‘லேசான இரைப்பை அழற்சி’ என்று அறிக்கை வந்தது. புற்றுநோய் இல்லை என்று குடும்பம் நிம்மதியானது. அதே கேப்ஸ்யூலைத் தொடரச் சொன்னார்கள்.

அன்று இரவு நடந்தது

ஆவணி முதல் வாரம், இரவு எட்டரை மணி. சர்க்கரைக்காரர் என்பதால் இரவில் சப்பாத்தி. நம் வீடுகளில் பல்லில்லாத பெரியவர்களுக்கும் இரவில் சப்பாத்திதான் என்பது எப்படியோ சட்டமாகிவிட்டது. டிவி முன்னால் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று சத்தமே இல்லை. இருமல்கூட இல்லை. கை தொண்டைக்குப் போனது, கண் பிதுங்கியது, உதடு கறுக்க ஆரம்பித்தது. மருமகள் ஓடிவந்து தலையில் தட்டினார், தண்ணீர் டம்ளரை வாயருகே கொண்டுபோனார்.

பேரன் என்.சி.சி.யில் முதலுதவி படித்தவன். டம்ளரைத் தட்டிவிட்டு, பாட்டியை முன்னால் குனியவைத்து, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை ஓங்கித் தட்டினான். வரவில்லை. பின்னால் போய் நின்று, தொப்புளுக்குச் சற்று மேலே ஒரு முஷ்டியை வைத்து, மற்றக் கையால் அதைப் பிடித்து, உள்ளேயும் மேலேயுமாக இழுத்து அழுத்தினான். மூன்றாவது அழுத்தத்தில் துண்டு வெளியே விழுந்தது. மறுநாள் அதை ஒரு டிஷ்யூவில் மடித்து எனக்குக் கொண்டுவந்து காட்டினார்கள். ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரியது. ஓரத்தில் மட்டும் மென்ற தடம், மற்றபடி முழுசு.

வயிற்றை அழுத்தும் இந்த முறையை அமெரிக்க அறுவை மருத்துவர் ஹென்றி ஹெய்ம்லிக் 1974இல் எழுதினார். அரை நூற்றாண்டு ஆகியும் நம் வீடுகளுக்குள் அது வந்து சேரவில்லை, தலையில் தட்டுவதுதான் இருக்கிறது. தலையில் தட்டுவதால் பலனில்லை. முழுதாக அடைத்த தொண்டைக்குத் தண்ணீர் கொடுப்பதோ ஆபத்து. ஆள் பேசவோ இருமவோ முடிந்தால் இருமவிட வேண்டும், அதைவிட வலுவான உதவி எதுவும் இல்லை. இருமல் சத்தமே வரவில்லை என்றால்தான் முதுகில் ஐந்து, வயிற்றில் ஐந்து என்று மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். கண்ணுக்குத் தெரியாத துண்டைத் தேடி வாய்க்குள் விரலை விடக் கூடாது, அது இன்னும் உள்ளே போய்விடும். நினைவு தப்பினால் படுக்கவைத்து மார்பை அழுத்த வேண்டும், அதற்குள் இன்னொருவர் 108ஐ அழைத்திருக்க வேண்டும்.

வயிற்றில் அழுத்தம் கொடுக்கப்பட்டவரை, துண்டு வெளியே வந்துவிட்டாலும், மருத்துவர் ஒருமுறை பார்ப்பது அவசியம். விலா எலும்போ உள்ளுறுப்போ அடிபட்டிருக்கலாம். மறுநாள் காலை அவரை என்னிடம் அழைத்து வந்ததற்கு அதுதான் காரணம். அந்தக் காரணம் இல்லாவிட்டால், ‘துண்டு வந்துடுச்சுல்ல’ என்று விட்டிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

முதல் நாள் கண்டவை

விலாவில் வலி, முறிவு இல்லை. நெஞ்சு சுத்தம், எக்ஸ்ரேயும் சுத்தம். ஆக்சிஜன் 96 சதவீதம். எடை 47.5 கிலோ. பங்குனியில் என் அட்டையில் இருந்தது 52. ஐந்து மாதத்தில் நாலரை கிலோ குறைந்ததை யாரும் கவனிக்கவில்லை. புடவை கட்டுகிறவர்களுக்கு எடை குறைவது லேசில் வெளியே தெரிவதில்லை.

சாப்பாடு குறைந்துவிட்டதா என்று கேட்டேன். “பசி இருக்குது தம்பி. பயமாத்தான் இருக்கு” என்றார். குரல் மிக மெதுவாக வந்தது. முகத்தில் அசைவு குறைவு, கண் சிமிட்டுவது குறைவு. மருமகள், “வயசாயிடுச்சு இல்ல சார், அத்தை இப்பல்லாம் மெதுவாத்தான் நடக்கிறாங்க, பேச்சும் குறைஞ்சுபோச்சு” என்றார். காலையில் தலையணை உறை ஈரமாக இருக்கிறது என்றும் சொன்னார். எச்சில் அதிகம் சுரந்ததால் ஏற்பட்ட ஈரம் அல்ல அது. சுரந்த எச்சிலை விழுங்காமல் விட்டதால் வந்தது.

முதலில் எனக்கு வந்த சந்தேகம் பக்கவாதம். கை கால் பலம் இரண்டு பக்கமும் சமமாக இருந்தது. ஆனால் முழங்கையை மடக்கி நீட்டும்போது பல்சக்கரம் போல விட்டுவிட்டு இறுக்கம், இரண்டு கையிலும். நடக்கும்போது கைகள் வீசவில்லை. இடது கையில் சின்ன நடுக்கம். அப்போதுதான் மாத்திரைப் பையைக் கேட்டேன். மஞ்சள் துணிப்பை. மேசையில் கொட்டியதும் அந்த கேப்ஸ்யூல் அட்டைகள் ஏழு விழுந்தன, நான்கு காலி. சின்னரிசினும் இருந்தது. ஒரு வாரத்துக்கு நான் எழுதியது ஐந்து மாதமாக ஓடிக்கொண்டிருந்தது.

லெவோசல்பிரைடு, மூளையிலும் குடலிலும் டோபமைன் என்ற வேதிப்பொருள் வேலை செய்யும் இடங்களை அடைக்கும் மருந்து. இரைப்பை சீக்கிரம் காலியாக அது உதவும். அதே அடைப்பு மூளையில் நடந்தால் பார்க்கின்சன் நோய் போன்ற இறுக்கமும் மந்தமும் வரும். வயதானவர்களுக்கு இது எளிதில் வரும். பெரும்பாலும் சிறுநீரகம் வழியாக வெளியேறும் மருந்து என்பதால், சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு உடம்பில் தேங்கும். சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் ரத்த அளவான கிரியேட்டினின் இவருக்கு 1.4. கேட்கச் சின்ன எண்தான், ஆனால் 74 வயதுப் பெண்ணுக்கு அது சிறுநீரகம் நாற்பது சதவீத அளவில் ஓடுவதற்குச் சமம். சின்னரிசினும் டோபமைனை அடைக்கக்கூடியதுதான். அது பார்க்கின்சன் போன்ற நிலையை உண்டாக்கும் என்பது 1980களிலேயே மருத்துவ இதழ்களில் வந்துவிட்ட செய்தி. ஆக, ஒரே கதவை இரண்டு பக்கமிருந்து இரண்டு மாத்திரைகள் சாத்திக்கொண்டிருந்தன. அதில் ஒன்று என்னுடையது.

நாக்கும் தொண்டையும் தசைகள்தான். கையும் காலும் மெதுவானால் அவையும் மெதுவாகும். ஒரு வாய் விழுங்கும்போது மூச்சு ஒரு கணம் நிற்க வேண்டும், குரல்வளை மேலே எழும்பி மூடிக்கொள்ள வேண்டும், உணவுக்குழாயின் வாய் திறக்க வேண்டும். எல்லாம் ஒரு நொடிக்குள். இந்த வரிசையில் கால் நொடி தாமதமானாலும், கூழ் போன்ற உணவு காத்திருக்கும், தண்ணீர் காத்திருக்காது. அதனால்தான் இருமல் முதலில் தண்ணீரில் வந்தது.

காலண்டர் தாள்கள்

மாத்திரைதான் காரணமா, அல்லது உண்மையிலேயே பார்க்கின்சன் நோய் தொடங்கியிருந்து மாத்திரை அதைக் கிளப்பிவிட்டதா? இதைச் சொல்ல எது எப்போது ஆரம்பித்தது என்று தெரிய வேண்டும். குடும்பத்தில் ஆளுக்கொரு மாதம் சொன்னார்கள். இந்த மாதிரி மந்தத்தில் கையெழுத்தும் சிறுத்துப்போகும் என்பதால், அம்மா ஏதாவது எழுதுவாரா என்று கேட்டேன். பால் கணக்கு எழுதுவார் என்றார் மருமகள். தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதி, கிளிப்பில் மாட்டிவைப்பாராம். மறுநாள் அந்தக் கட்டு வந்தது.

தாள்களை மாதவாரியாக என் மேசையில் பரப்பினேன். தை மாதத் தாள்களில், முப்பது வருடம் பதிவேடு எழுதிய கை தெரிந்தது. ‘அரை லிட்டர், பாக்கி 40’ என்பது தாளின் முழு அகலத்துக்கும் வந்தது. மாசி முழுக்க அப்படியே. பங்குனி இரண்டாவது வாரத்திலிருந்து எழுத்து சிறுக்கிறது. சித்திரையில் ஒரு வரி தொடங்கும்போது பெரிதாக இருந்து, முடியும்போது எறும்பு ஊர்ந்தது போல ஆகிறது. ஆடித் தாள்களில் ‘லிட்டர்’ என்ற சொல்லை லென்ஸ் வைத்துத்தான் படித்தேன். கேப்ஸ்யூல் தொடங்கி ஒன்றரை மாதத்தில் எழுத்து சுருங்க ஆரம்பித்திருக்கிறது. சின்னரிசின் சேர்ந்ததும் சுருக்கம் வேகமாகியிருக்கிறது. எந்த ஸ்கேனும் எனக்கு இந்தத் தேதியைச் சொல்லியிருக்காது.

இன்னொரு சின்னச் சோதனை. பார்க்கின்சன் நோயில் பலருக்கு மோப்ப உணர்வு முதலிலேயே மங்கிவிடும். கண்ணை மூடச் சொல்லி, ஆஸ்பத்திரி காபித்தூள் டப்பாவை மூக்கருகே திறந்தேன். “காபி. சிக்கரி ஜாஸ்தி” என்றார். இது முடிவான சான்று அல்ல, ஆனால் மாத்திரை பக்கம் ஒரு ஓட்டு.

சாப்பிடுவதைப் பார்த்தது

மூன்றாம் நாள் மதியச் சாப்பாட்டை டப்பாவில் கட்டிக்கொண்டு வரச் சொன்னேன். புரையேறுகிற ஒருவர் சாப்பிடுவதைப் பார்க்காமல் அவருக்கு ஆலோசனை சொல்வது, வண்டியை ஓட்டிப் பார்க்காமல் பிரேக்கைப் பற்றிப் பேசுவது மாதிரி. இத்தனை வருடத்தில் நானும் பெரும்பாலும் அப்படித்தான் பேசியிருக்கிறேன்.

ரசம் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம். பல்செட் வீட்டில் டப்பாவில். முதல் கவளம் வாயில் இருக்கும்போதே இரண்டாவது போனது. கன்னத்தின் ஓரத்தில் சோறு தங்கியது, அவருக்கே அது தெரியவில்லை. ரசம் சாதத்தில் ஒரு விஷயம் இருக்கிறது. வாயில் போட்டதும் ரசம் ஓடிவிடும், சோறு நிற்கும். நாம் சோற்றை மென்றுகொண்டிருக்கும்போதே ரசம் தொண்டைக்குள் இறங்கிவிடும். இளம் தொண்டை இதைச் சமாளிக்கும். இவர் நான்காவது கவளத்தில் இருமினார். சாம்பார் சாதத்தைக் குழைத்துப் பிசைந்தால் வராத பிரச்சினை இது.

அடுத்து தண்ணீர். டம்ளரை உதட்டில் படாமல் தூக்கி, தலையை அண்ணாந்து ஊற்றினார். எழுபது வருடப் பழக்கம். எச்சில் படக் கூடாது என்று வளர்ந்த தலைமுறை. தலையைப் பின்னால் சாய்க்கும்போது மூச்சுக்குழலின் வாய் விரிகிறது, நாக்குக்குக் கட்டுப்படாமல் தண்ணீர் தானாக விழுகிறது. இரண்டாவது மடக்கில் இருமல், குரல் தண்ணீருக்குள்ளிருந்து பேசுவது போலக் கொழகொழத்தது. கொஞ்ச நேரம் கழித்து, வாய் வைத்துக் குடிக்கச் சொல்லி 90 மி.லி. தண்ணீர்ச் சோதனை செய்தோம். நிறுத்தாமல் குடித்து முடித்து, ஒரு நிமிடம் வரை இருமலோ குரல் மாற்றமோ இல்லாமல் இருந்தால் தேர்ச்சி. 30 மி.லி.யிலேயே நிறுத்திவிட்டார். அரை நிமிடத்தில் எத்தனை முறை எச்சில் விழுங்க முடிகிறது என்று தொண்டையில் விரல் வைத்து எண்ணினேன். மூன்றுக்குக் குறைந்தால் சந்தேகப்பட வேண்டும். இவர் இரண்டு.

பிற காரணங்களை விலக்கியது

ஒரு காரணம் கிடைத்ததும் தேடலை நிறுத்திவிடுவது என் தொழிலின் பெரிய ஆபத்து. அதனால் மற்றவற்றையும் பார்த்தேன்.

விழுங்கத் தொடங்கும்போதே இருமினால் கோளாறு வாய், தொண்டையில். விழுங்கிச் சில நொடி கழித்து நெஞ்சில் நிற்பதாகச் சொன்னால் உணவுக்குழாயில். இவருடையது முதல் வகை. கெட்டி உணவில் தொடங்கி மெல்ல மெல்லத் தண்ணீருக்கும் வந்தால் குழாய் குறுகுகிறது, கட்டியும் இருக்கலாம். இவருக்குத் தண்ணீரில் தொடங்கியது, அது நரம்பு, தசைப் பக்கம் கை காட்டுகிறது. சாப்பிடச் சாப்பிட மோசமாகி, ஓய்வெடுத்தால் சரியாகும் மயஸ்தீனியா என்ற தசைச் சோர்வு நோய் போலவும் இல்லை. கண் இமை தொங்கவில்லை. நாக்கில் வெண்படலம் இல்லை. கழுத்தில் கட்டி இல்லை. ரத்தம், தைராய்டு சரி. மூளை எம்.ஆர்.ஐ.யில் வயதுக்கான மாற்றங்கள், புதிய பக்கவாதம் இல்லை.

எண்டோஸ்கோபி சரியாக இருந்ததே என்று மகன் இரண்டு முறை கேட்டார். நியாயமான கேள்வி. அந்தக் குழாய், மயக்கிப் படுக்கவைத்த நிலையில், தொண்டையைத் தாண்டி உணவுக்குழாயையும் இரைப்பையையும் பார்க்கிறது. ஆள் உட்கார்ந்து விழுங்கும்போது தொண்டையில் என்ன நடக்கிறது என்று அது பார்ப்பதில்லை. அதற்கு வேறு பரிசோதனை உண்டு. மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டு, உணவை விழுங்கவைத்தே பார்ப்பது ஒன்று. பேரியம் கலந்த உணவை விழுங்கவைத்து எக்ஸ்ரே வீடியோ எடுப்பது இன்னொன்று. மாவட்டத் தலைநகரில் ஒரு விழுங்கு சிகிச்சையாளரிடம் முதலாவதைச் செய்தோம். நாக்கின் அடிப்பகுதிப் பள்ளத்தில் சோறு தேங்குகிறது, தண்ணீர் குரல்நாண் வரை எட்டிப் பார்க்கிறது. ஒரே நல்ல செய்தி, தண்ணீர் எட்டியதும் இருமல் வந்தது. சிலருக்கு நுரையீரலுக்குள் போனாலும் இருமலே வராது. நிமோனியாவில்தான் தெரியவரும்.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

கேப்ஸ்யூல், சின்னரிசின் இரண்டையும் அன்றே நிறுத்தினோம். வயிற்றுக்கு ரபேப்ரசோல் மட்டும் தனியாக இரண்டு வாரம், அப்புறம் அதுவும் வேண்டாம் என்றேன். தலைசுற்றலை மறுபடி முதலிலிருந்து பார்த்தேன். படுக்கையில் 138/80 இருந்த அழுத்தம், எழுந்து நின்று இரண்டு நிமிடத்தில் 112/70. பங்குனியிலேயே நிற்கவைத்துப் பார்த்திருந்தால் சின்னரிசின் எழுதியிருக்க மாட்டேன். அம்லோடிபினை 2.5 ஆகக் குறைத்து, எழும்போது கட்டிலில் சற்று உட்கார்ந்துவிட்டு எழச் சொன்னேன்.

பார்க்கின்சனுக்கான லெவோடோபா தொடங்கலாமா என்று நரம்பியல் மருத்துவரிடம் கேட்டேன். பொறுங்கள் என்றார். காரணமான மருந்து உடம்பை விட்டுப் போனாலும் இறுக்கம் போக வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். இப்போதே இன்னொரு மருந்தைச் சேர்த்தால் எது எதைச் சரிசெய்தது என்று தெரியாமல் போய்விடும்.

மூக்கு வழியே உணவுக் குழாய் போட்டுவிடலாமே என்று உறவினர் ஒருவர் வலியுறுத்தினார். மறுத்தேன். அவரால் வாயால் சாப்பிட முடிகிறது, நிமோனியா இல்லை. குழாய் போட்டாலும் எச்சில் நுரையீரலுக்குள் போவது நிற்காது. விழுங்காத தொண்டை இன்னும் தளரும்.

சாப்பாட்டில் நிறைய மாற்றினோம். சப்பாத்தி, வடை, அப்பளம், புட்டு, பொரி வேண்டாம். இட்லி சாம்பாரில் நன்கு ஊறியது மட்டும், பொடி தூவியது கூடாது. சாதத்தைக் கெட்டித் தயிரிலோ பருப்பிலோ குழைத்துப் பிசையவும். கறிவேப்பிலை, மிளகாய், முருங்கைச் சக்கையைப் பரிமாறும் முன்னே எடுத்துவிடவும். கடையில் விற்கும் கெட்டிப்படுத்தும் பொடியை நான் சொல்லவில்லை. அது கலந்த தண்ணீரைப் பலர் பிடிக்காமல் குடிப்பதையே குறைத்து, உடம்பு வறண்டுபோவதைப் பார்த்திருக்கிறேன். கேழ்வரகுக் கஞ்சியைக் கெட்டியாகவும், தண்ணீரைத் தாடை தாழ்த்தி வாய் வைத்து மடக்கு மடக்காகவும் குடிக்கச் சொன்னோம்.

சாய்வு நாற்காலிக்குப் பதில் நேர்முதுகு நாற்காலி. சாப்பிடும்போது டிவி அணைத்திருக்க வேண்டும். முடித்து அரை மணி நேரம் படுக்கக் கூடாது. பல்செட்டின் உட்புறத்துக்குப் புது அடுக்கு கொடுத்து இறுக்கித் தந்தார் பல் மருத்துவர். இரவில் வாயைச் சுத்தம் செய்வதை ஏன் இத்தனை அழுத்திச் சொல்கிறேன் என்று மருமகள் கேட்டார். நுரையீரலுக்குள் கொஞ்சம் போகத்தான் போகிறது, போவது சுத்தமான எச்சிலாக இருக்கட்டும் என்றேன். ஜப்பானிய முதியோர் இல்லங்களில் தினசரி வாய்ச் சுத்தத்தால் நிமோனியா குறைந்ததை 1999இலேயே காட்டியிருக்கிறார்கள். முதலுதவியை மருமகளுக்கும் மகனுக்கும் பேரனே சொல்லிக்கொடுத்தான்.

பிறகு நடந்தவை

முதல் இரண்டு வாரம் ஒரு மாற்றமும் இல்லை. மகன் முகத்தில் நம்பிக்கை குறைவது தெரிந்தது. மூன்றாம் வாரம் வயிற்று உப்புசம் திரும்ப வந்தது. மருந்துக் கடையில் ‘கேஸுக்கு’ என்று கேட்டு மகன் ஒரு அட்டை வாங்கிவந்துவிட்டார். நிறம் வேறு, பெயர் வேறு. நான்கு நாள் கொடுத்தபின் மருமகள் அட்டையின் பின்பக்கச் சிறிய எழுத்தைப் படித்து எனக்குப் போன் செய்தார்: “சார், இதிலயும் அதே லெவோசல்பிரைடு போட்டிருக்கு.” அட்டையில் பிராண்ட் பெயரை விட்டுவிட்டு மருந்தின் பெயரைப் படிக்க அவருக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். இந்த ஆய்வில் நான் சரியாகச் செய்ததாக நினைக்கும் சில காரியங்களில் அது ஒன்று. உப்புசத்துக்குப் பாதிக் காரணம் மலச்சிக்கல். அதைச் சரிசெய்ததும் அடங்கியது.

அதே மூன்று வாரத்தில் எடை இன்னும் ஒரு கிலோ குறைந்து 46.5க்கு வந்தது. அது என்னால். நான் எழுதிய விலக்குப் பட்டியலில் 23 பொருட்கள் இருந்தன. அவர் அதைச் சமையலறைச் சுவரில் ஒட்டிவைத்து, எதைத் தொட்டாலும் பயந்தார். சத்துணவு மையத்தில் நூறு குழந்தைகளுக்குப் பரிமாறியவர், தன் தட்டைப் பார்த்துப் பயந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். பட்டியலைக் கிழித்துவிட்டு இரண்டே விஷயம் சொன்னேன்: உலர்ந்து உதிர்வது வேண்டாம், கட்டியும் தண்ணீரும் கலந்தது வேண்டாம். மற்றதெல்லாம் குழைத்துச் சாப்பிடுங்கள், நெய் விட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்தாவது வாரம் தலையணை காய்ந்தது. ஆறாவது வாரம் மருமகள், “அத்தை நேத்து என்னைத் திட்டினாங்க சார், நல்லா கேட்டுச்சு” என்றார். குரல் திரும்புகிறது என்பதற்கு அதைவிட நல்ல அறிக்கை எனக்குக் கிடைக்கவில்லை. ஒன்பதாவது வாரம் 90 மி.லி. தண்ணீரை நிறுத்தாமல் குடித்தார், கடைசியில் ஒரு சின்ன இருமல். நான்காம் மாதம் தொண்டைப் பரிசோதனையைத் திரும்பச் செய்தபோது சோறு தேங்குவது மிகவும் குறைந்திருந்தது. எடை 50. புரையேறுவது மாதத்துக்கு ஒன்றிரண்டு முறை, பெரும்பாலும் பேசிக்கொண்டே சாப்பிடும்போது.

முழுதாகச் சரியாகவில்லை. ஆறு மாதம் கழித்தும் இடது கை நடுக்கம் மிச்சமிருக்கிறது. மருந்தை நிறுத்தியும் சிலருக்கு இப்படித் தங்கிவிடுவதுண்டு. அடியில் உண்மையான பார்க்கின்சன் மெல்லத் தொடங்கியிருக்கவும் வாய்ப்பு உண்டு. நரம்பியல் மருத்துவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறார். முன்னேற்றத்தில் எவ்வளவு மாத்திரை நின்றதால், எவ்வளவு பல்செட்டால், எவ்வளவு நேர்நாற்காலியால் என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மாற்றினோம். ஒவ்வொன்றாக மாற்றி ஆராய, அன்று விழுந்த அந்தத் துண்டைப் பார்த்தபின் எனக்குத் துணிவு வரவில்லை.

இனி எப்படிச் செய்வேன்

60 வயது தாண்டிய யாருக்கும் ‘மற்ற மாத்திரைகளைத் தொடரவும்’ என்று இப்போது எழுதுவதில்லை. பெயர் பெயராக எழுதுகிறேன், எந்தத் தேதியில் நிற்க வேண்டும் என்றும் எழுதுகிறேன். தலைசுற்றல் என்று வந்தால் நிற்கவைத்து அழுத்தம் பார்க்கிறேன். எடையை ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். உணவுப் பட்டியல் கொடுப்பதை விட்டுவிட்டேன்.

மருந்துக் கடைக்காரரிடமும் போய்ப் பேசினேன். இது சீட்டில்லாமல் கொடுக்கக் கூடாத மருந்து என்பது அவருக்குத் தெரியும். “நான் கொடுக்கலன்னா அடுத்த கடையில வாங்கிடுவாங்க டாக்டர்” என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. வயதானவர்களுக்காகக் கேட்டால் என்னிடம் ஒரு போன் போடச் சொல்லியிருக்கிறேன். இதுவரை மூன்று போன் வந்திருக்கிறது.

பேரனுக்கு அன்றைக்கு வகுப்பு சாயங்காலம் வரை இருந்து, வீடு வந்து சேர ஒன்பது மணி ஆகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யோசிக்காமல் இல்லை. என் காத்திருப்பு அறையில் இப்போது வாரம் ஒரு நாள் அரை மணி நேரம், மாத்திரை வாங்க வரும் மருமகள்களுக்கும் மகன்களுக்கும் முதுகுத் தட்டலையும் வயிற்று அழுத்தத்தையும் ஒரு தலையணையை வைத்துச் சொல்லிக்கொடுக்கிறோம்.

அந்த அம்மா ஒவ்வொரு முறை வரும்போதும், நான் கேட்காமலேயே, கிளிப்பிலிருந்து இரண்டு காலண்டர் தாள்களை எடுத்துவந்து மேசையில் வைக்கிறார். போன வாரம் கொண்டுவந்ததில் ‘அரை லிட்டர்’ தாளின் பாதியைத் தாண்டி வந்திருந்தது. ‘பாக்கி’யில் மட்டும் எழுத்து இன்னும் கொஞ்சம் சிறுக்கிறது.